பெட்டி விழித்த நேரம்

— நாப்பத்திரெண்டாவது வரியைப் பாரு அமுதா. பிழை வந்தா, எடுத்த மெமரியைத் திருப்பிக் குடுக்காமலே வெளியில வந்துடுது உன் டிரைவர் புரோகிராம்.

— திருத்திடுறேண்ணா. செகண்டு கணக்கு சரியான்னு மட்டும் சொல்லுங்க.

— இத பாரு, ரிவ்யூன்னு பாண்டிச்சேரிலேருந்து பஸ் ஏறி வந்துட்டேன். எல்லாத்தையும்தான் பார்ப்பேன்.

— எனக்கு அது ஒண்ணு போதும் கௌதமண்ணா. வெள்ள சைரன் பெட்டிக்குக் கரன்ட் வந்து, உள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல கெர்னல் ஏறி முழிச்சு, சைரன் ஊத எத்தனை செகண்டு? நூத்துத் தொண்ணூத்தாறுன்னு காட்டுது. மூணே கால் நிமிஷம்.

— வெள்ளத்தன்னிக்கு இருந்த அதே பெட்டியா?

— அதே பெட்டி, அதே கார்டு. பத்து தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். அன்னிக்குப் போன கரன்ட் திரும்பி வந்தது நாலு பத்து. கழுவெளி ஏரித் தண்ணி கரையை ஒடைச்சு, அப்பா இருந்த மோட்டார் கொட்டாயில ஏறி, கடிகாரம் நின்னது நாலு பதிமூணு. பெட்டி லேட்டுண்ணா. அப்பாவுக்குச் சத்தமே கேட்டிருக்காது.

— வேற யாரும் உப்புப் பாத்தியில இல்லியா?

— கொட்டுற மழையில எவன் வருவான்? உப்புக் குவியலுக்குக் கீத்து போடணும்னு அவர் மட்டும்தான் போனாரு.

— இரு, இரு. இந்தப் பத்தாயிரம்ங்கிற எண் எங்கேருந்து வந்துச்சு?

— பழைய போர்டோட புரோகிராம்லேருந்து எடுத்தேன். கவுன்ட்டர் எண்ணுனதை அதால வகுத்தா செகண்டு.

— அது பழசுக்கு. இந்த போர்டு செகண்டுக்கு முப்பத்திரெண்டாயிரத்து எழுநூத்து அறுபத்தெட்டு தடவை எண்ணும். கால்குலேட்டரைக் குடு. அறுபது! அறுபதே செகண்டு!

— இல்லண்ணா. மறுபடி போடுங்க.

— போட்டாச்சு. நம்ம பெட்டி லேட்டே இல்ல அமுதா! தண்ணி ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஊதியிருக்கு. கம்ப்யூட்டர் தூங்கிடுச்சுன்னு மரக்காணம் பூரா பேசுனானுங்களே, இனிமே எவன் உன்னைக் குத்தம் சொல்லுவான்? ஏம்மா, எதுக்கு இப்ப அழுவுறே?

— அந்தப் பத்தாயிரம் அப்படியே இருக்கட்டும்ணா.

— தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா விடுறது?

— உங்க கால்ல வேணா விழுறேன்.

— எனக்கு ஒண்ணும் புரியல. கொட்டாயிலேருந்து ரோட்டு மேட்டுக்கு ஒரு நிமிஷ ஓட்டம். சைரன் அவர் தலைக்கு மேலதான் இருக்கு. கேட்டும் அவர் ஏன் ஓடி வரல?

— முந்தின வாரம் சோதனைக்கு மூணு தடவை ஊதுனோமில்ல? மூணு தடவையும் வேலையைப் போட்டுட்டு, மூச்சு வாங்க ரோட்டுக்கு ஓடியாந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அசிங்கமா போச்சு. அன்னிக்குக் காலைல நான்தாண்ணா சொல்லி அனுப்புனேன், ‘இன்னிக்கும் சும்மா சோதனைதாம்பா, சத்தம் கேட்டா ஓடியாராதே’ன்னு.