தேய்த்துக் கொடுத்த பக்கம்

எங்கள் பற்களையும் பொறுமையையும் ஒருங்கே சோதித்து வரும் விழாத் தலைவர், பல் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! ஒரு தோளில் பிள்ளையும் மறு தோளில் புத்தகப் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பிஸ்கட் தட்டுக்குப் பக்கமாகப் பார்த்து இடம்பிடித்த பெருந்தகைகளே! எல்லாவற்றுக்கும் மேலாக, என் வீட்டுக்காரர் அவர்களே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

பேசுவதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் தோளில் கிடக்கும் இந்தப் பச்சைச் சால்வை என்னுடையது அல்ல. தலைவர் அம்மா சலவைக்குப் போட்டது. மேடையில் குளிரும் என்றார்கள்; கடையில் கைக்கெட்டிய தூரத்தில் இதுதான் இருந்தது. முறைக்காதீர்கள் அம்மா, இன்னொரு முறை துவைத்தே தருகிறேன்.

யார் அது சிரிப்பது? எலக்ட்ரீஷியன் தம்பியா? சிரி ராசா, சிரி. பாதிப் புத்தகம் படித்துவிட்டு முழுப் புத்தகத்துக்கும் கருத்துச் சொன்ன ஆள்தானே நீ?

பெரியோர்களே! இந்த வாசகர் வட்டம் மாளிகையிலா பிறந்தது? மன்றத்திலா பிறந்தது? இல்லை. எங்கள் சலவைக்கடையில், சோப்பு வாசனையில், சுற்றும் மெஷின்களின் சத்தத்தில் பிறந்தது! துணி துவைக்கிற நேரத்தில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர்களை நான்தான் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அதன் வாசலுக்கு வெளியே நின்றதுதான் அதிகம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் காது இருக்கிறதே, நல்ல காது!

எங்களுக்கு ஒரே சட்டம். மெஷின் சுற்றும்வரை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். மெஷின் நின்றால் படிப்பும் நிற்க வேண்டும். கதாநாயகி கிணற்று விளிம்பில் நின்றாலும் சரி, அடுத்த வாரம்வரை அங்கேயே நிற்கட்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் படிக்க மாட்டார். இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பகைதான் உண்டு: சுருக்கம்! என் நெற்றிச் சுருக்கத்தைக்கூட ஒரு நாள் அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

அப்படிப்பட்டவர் கைக்கு ஒரு நாள் ஒரு கோட்டு வந்தது. பஸ் ஓட்டும் அண்ணனின் கோட்டு. அதோ, கதவோரம் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறாரே, அவர்தான். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "சொல்லும்மா, ஆனா நான் அழுத இடத்தை விட்டுட்டுச் சொல்லு" என்றார். விட்டுவிட்டே சொல்கிறேன் அண்ணே.

கோட்டுப் பையில் ஒரு தடித்த நாவல். தொலைந்துபோன தங்கையைத் தேடிக் கப்பலேறும் ஒரு பெண்ணின் கதை. அதில் ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. மடிப்பைக் கண்டால் என் மன்னவன் விடுவாரா? பக்கத்தை விரித்தார், மேலே துணி போட்டார், இதமான சூட்டில் தேய்த்தார். மடிந்த அடையாளமே இல்லை!

அண்ணன் வந்தார். கோட்டைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"மடிச்சிருந்த பக்கம் எங்கம்மா?"

இவர் பெருமையாக முன்னால் வந்தார். "தேய்ச்சிட்டேண்ணே! பாருங்க, புதுசு மாதிரி."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். அவர் சாப்பிடும்போதெல்லாம் அண்ணி அன்றன்று படித்ததைக் கதையாகச் சொல்வாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னாராம். கடைசியாகப் பக்கத்தை மடித்துவைத்து, "மீதிய நாளைக்குச் சொல்றேன்" என்றாராம். அந்த நாளை வரவே இல்லை. அந்த மடிப்புதான் அண்ணி விட்டுப்போன கடைசி விரல்தடம். அதைத்தான் இவர் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

எந்தச் சொல்லால் அந்த மடிப்பை மீண்டும் மடிப்பேன்?

"அண்ணே, அண்ணி சொன்ன வரைக்கும் கதை உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப நாங்க முதல்லேருந்து படிக்கிறோம். தெரியாத இடம் வந்தா கையைத் தூக்குங்க. அதுதான் அண்ணி மடிச்ச இடம்."

அதுவரை படித்துக்கொண்டிருந்த நாவலை ஓரம் வைத்தோம். இந்தக் கதையின் முடிவு தலைவர் அம்மாவுக்கு முன்பே தெரியும். ஆனால், ஊரார் வாயைத் திறக்கவைத்தே பழகிய அவர், அண்ணனுக்காகத் தன் வாயை மூடிக்கொண்டார். அதுவல்லவா தியாகம்!

வாரந்தோறும் படித்தோம். கப்பல் புறப்பட்டது, புயல் வந்தது. புயலில் குட்டைவால் நாய் ஒன்று செத்துப்போனது. படாரென்று எழுந்தார் அண்ணன்.

"நாய் செத்துப்போச்சா? எப்படிச் சாகும்? அவ சொன்னதுல அது துறைமுகம் வரைக்கும் வருதே! சமையல்காரன்கிட்ட மீன் திருடுதே!"

எங்களுக்கு விளங்கவில்லை. மீண்டும் படித்துப் பார்த்தோம். செத்ததுதான். அப்போது தலைவர் அம்மா மெதுவாகக் கேட்டார், "உங்க வீட்டுல நாய் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அவ இந்தக் கதை சொன்ன வருசம்தான் செத்துப்போச்சு."

புரிகிறதா தாய்மார்களே? நூலாசிரியர் கொன்ற நாயை அந்தப் பெண்மணி காப்பாற்றியிருக்கிறார்! கணவரின் தட்டில் சோறு ஆறிப்போகக் கூடாது என்று, காகிதத்தில் செத்த நாய்க்குத் தன் வாயால் உயிர் கொடுத்திருக்கிறார்! இதற்குப் பிறகு அண்ணன் என்ன செய்தார் என்பது நான் சொல்லக் கூடாத இடம். தாண்டிப் போகிறேன்.

பிறகு ஒரு மாலை. கதை ஒரு தீவில் இறங்கியது. ஒரு கதவு தட்டப்பட்டது. அண்ணனின் கை எழுந்தது.

"இது எனக்குத் தெரியாது."

அதே நொடி, மெஷின் நின்றது.

சட்டம் சட்டம்தானே? புத்தகத்தை மூட வேண்டியதுதானே? யாருக்கும் மனம் வரவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். போட்டிருந்த சட்டையைக் கழற்றினார். அப்போதுதான் தேய்த்துப் போட்ட சட்டை! அதை மெஷினில் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, பனியனோடு நின்றார்.

"சுத்துது. படிங்க" என்றார்.

அண்ணன் தூக்கிய கையை இறக்கிவிட்டு, "படிங்க. ஆனா நாயையும் சேர்த்துப் படிங்க" என்றார்.

படித்தோம்! அன்றிலிருந்து கடைசிப் பக்கம்வரை, அந்த நாவலில் இல்லாமல் போன நாயை மீண்டும் அதற்குள் விட்டுப் படித்தோம். ஆளுக்கொரு வாரம் அதற்குச் சோறு போட்டோம். தங்கை கிடைத்த இடத்தில் முதலில் குரைத்தது அதுதான்!

வாசகர் வட்டம் எதற்கு என்று கேட்கிறார்களே, எதற்கு? வீட்டில் ஒருவர் விட்டுப்போன கதையை வெளியில் ஒன்பது பேர் தொடர்வதற்கு! தனியாகப் புரட்ட முடியாத பக்கத்தைக் கூடிப் புரட்டுவதற்கு! படிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்கள் கட்டாயம் வாருங்கள். துணி கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும், சால்வை தந்த தலைவர் அம்மாவுக்கும் நன்றி. இப்போது முதன்முறையாக நம் அண்ணனே எழுந்து வாசிக்கப் போகிறார். புதுக் கதை, அவரே தேர்ந்தெடுத்தது. போன வாரம் நாங்கள் படித்து நிறுத்திய பக்கத்தின் முனையைத் தன் கையாலேயே மடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று புத்தகத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்திருக்கிறார்.

அதோ, என் மன்னவன் அந்த மடிப்பைப் பிரித்து, பெருவிரல் நகத்தால் நீவிக்கொண்டிருக்கிறார்.

நீவி முடித்துவிட்டார்.

அண்ணே, முதல் பக்கத்திலிருந்தே வாசியுங்கள். வணக்கம்.