ராத்திரிப் பங்கு

என் வீட்டுக்காரருக்குப் பாகற்காய்க் குழம்பு என்றால் உயிர். சர்க்கரை எட்டிப் பார்த்த நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது இல்லாமல் உட்கார மாட்டார். வெல்லம் போடக் கூடாது, கசப்பு கசப்பாகவே இருக்க வேண்டும். முதலியார்பேட்டை மார்க்கெட்டில் பாகற்காயை ஆசையோடு பொறுக்குகிற ஒரே ஆம்பளை இவர்தான் என்று காய்க்காரம்மா கிண்டல் செய்வாள். இன்று உங்கள் ஸ்டேஷன் சாப்பாட்டில் பாகற்காய் இருந்ததைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது, மேடம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராஜவேல் கெட்டவர் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மில் மூடியபோது மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடக் கிளம்பிவிட்டார். என் மார்பில் கட்டி வந்து, அறுத்து எடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பியிருந்த நேரத்தில், அது எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். ஒரு தடவைகூட என்னைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை. தெருவே அவரைத் தங்கமான மனுஷன் என்றது. நானும் தலையாட்டினேன்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். டாக்டர் என்னிடம் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்வார்.

"வாயில புண்ணு இருக்காம்மா?" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா சாப்புடறா," என்பார் இவர்.

"வயித்தால போவுதா?"

"நடுவுல போச்சு. மோர் குடுத்தேன், நின்னுடுச்சி."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெளியே அவ்வளவு கூட்டம், டாக்டரைச் சொல்லிக் குற்றமில்லை. உண்மையில் என் வாய் முழுக்கப் புண். ரசத்தைக்கூட ஆற வைத்துத்தான் விழுங்கினேன். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. காலைத் தரையில் வைத்தால், ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் மணலில் வெறுங்காலோடு நிற்பது போல எரியும். தலைமுடியைக் கொட்ட வைத்த ஊசிக் காலத்தைத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த இந்த மாத்திரைக் காலத்தை என்னால் தாங்க முடியவில்லை. கையும் காலும் இப்படி ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து சொல்ல வேண்டும், அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள் என்று நர்ஸம்மா ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். அவரிடம் கெஞ்சினேன்.

"கொறச்சா வேலை செய்யாது செல்வி," என்றார். "ஆரம்பிச்சத பாதில வுடக் கூடாது. மனச தைரியமா வச்சிக்க. எல்லாம் நெனப்புதான்."

பயம்தான், எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்தினால் நான் போய்விடுவேன் என்ற பயம். பெங்களூரிலிருந்து எங்கள் மகள் கவிநிலா கூப்பிட்டாலும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "அம்மா ஜோரா இருக்காம்மா," என்று அவரே முடித்துவிடுவார். என் வலியைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது, மேடம். யாரிடம் போய்ச் சொல்வது? தங்கமான மனுஷனைப் பற்றிக் குறை சொன்னால் என்னைத்தான் காறித் துப்புவார்கள்.

பிறகு கேஸ் ஏஜென்சியில் ரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். என் விரலில் ரேகையே இல்லை. தோல் உரிந்து உரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. வைக்க வைக்க அந்த மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. பின்னால் நீண்ட வரிசை.

"கைய நல்லா தொடச்சிட்டு வையேன். இதுகூடவா தெரியாது?" என்று இவர் சிரித்தார். வரிசையும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. ஒருத்தருக்கு வாயால் சொல்லிப் புரியவில்லை என்றால் வேறு எப்படித்தான் சொல்வது என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். புரிந்த அன்றே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

அன்றிலிருந்து காலை மாத்திரை எனக்கு, ராத்திரிப் பங்கு அவருக்கு. குழம்பின் கசப்போடு அதுவும் போய்விட்டது. "இன்னிக்குக் கொழம்பு பிரமாதம்," என்றுகூட ஒரு நாள் சொன்னார்.

என் பங்கு பாதியாகக் குறைந்ததும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சூடான டம்ளரைக் கையில் பிடித்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன். புடவைக்குக் கொசுவம் மடிக்கும்போது விரல் எரியவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா? மனசுல தைரியம் வந்ததும் எல்லாம் சரியாப் போச்சு."

"ஆமாங்க," என்றேன்.

அவர் போன் விரல் வைத்தால் திறக்கும். ஒரு நாள் திறக்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். நேரு வீதியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். "போன்ல ஒண்ணும் இல்ல சார், ஒங்க வெரல்தான் சரியில்ல," என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். தண்ணீர் கேன் தூக்குகிறவன் கை அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். அப்புறம் செருப்பு போட முடியவில்லை. அப்புறம் வாய்ப்புண். சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எல்லாம் நினைப்பு என்று எனக்குப் பாடம் எடுத்த வாய், தனக்கு வந்தபோது எப்படித் திறக்கும்? அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கஷ்டம் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அதனால் தொடர வேண்டியிருந்தது.

வயிற்றால் போய்ப் போய், காய்ச்சலும் சேர்ந்து, குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். என்னைப் பார்க்கிற டாக்டர் இல்லை, அவசரப் பிரிவில் வேறு ஒருவர், சின்ன வயது. குனிந்து அவரிடம்தான் கேட்டார்.

"சுகர் மாத்திரைய தவிர வேற ஏதாவது சாப்புடறீங்களா?"

புண்ணில் அவருடைய உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி, தோல் உரிந்த உள்ளங்கையை டாக்டரிடம் விரித்துக் காட்டினார். பிறகு விரலை நீட்டி என் கையைக் காட்டினார். மறுபடியும் தன் கை, மறுபடியும் என் கை.

"என்னம்மா சொல்றாரு?" என்று டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"வேற மாத்திரை ஒண்ணும் இல்ல டாக்டர். வெளியில என்னத்தயோ சாப்ட்டுட்டாரு," என்றேன். "என் கையைப் புடிச்சிக்கணுமாம்."

பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரத்தத்தில் வெள்ளணுவே இல்லை, கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அவர் திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருந்தது பெரிதாகியிருந்தது, புதிதாகவும் வந்திருந்தது. பாதி மருந்துக்கு அது அடங்குமா? என் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் பக்கத்து நாற்காலி காலி.

"மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இத்தனை காலத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டு, என் பதிலுக்காக ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அப்படிக் கேட்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"பாதிதான் டாக்டர்," என்றேன்.

"மீதி?"

சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

எனக்கு இனிமேல் எவ்வளவு காலம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் எந்தக் கோர்ட்டும் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது. நான் தண்டனைக்குப் பயந்து பேசவில்லை. நேற்று உங்கள் மெஷினில் ரேகை வைக்கச் சொன்னீர்களே, பத்து விரலும் அழகாகப் பதிந்தது. அவர் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. யாருடைய பதிலும் கலக்காமல் நானே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அதனால் ஓர் இடத்தை மட்டும் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை என்று சொன்னேன் இல்லையா, அது பொய்.

அவர் கீழே விழுவதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, பக்கத்தில் தன் கையை வைத்தார். என்னுடையது ஆறியிருந்தது. அவருடையது ரணமாகக் கிடந்தது.

"செல்வி, ஒனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் வாய் வலித்தது. "எனுக்கு என்னமோ தெரியல, அதே மாரி வந்திருக்கு. டாக்டர் கேக்கும்போதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே. நீ போயிடுவியோன்னு பயம். மன்னிச்சிக்கம்மா."

குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் ஆசைப்பட்டதும் அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு அவரால் மார்க்கெட்டுக்கு நடக்க முடியவில்லை. அதனால் நானே போய்ப் பாகற்காய் வாங்கி வந்தேன்.

அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். ஆரம்பித்ததைப் பாதியில் விடக் கூடாது, மேடம்.