நாற்பத்தொரு விநாடி

எந்தப் பொருளையும் பார்த்தவுடன் வாங்கிவிடுகிற ஆள் இல்லை நான். ஒரு குடை வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குவேன். அப்படிப்பட்டவன் அந்த டிஸ்க் பெட்டியை வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரியவர் இயக்கிய பதினோரு படங்கள், ஒரே பெட்டியில், அட்டையில் அவருடைய முகம்.

நீங்கள் கேட்பது அவர் இறந்த சனிக்கிழமையைப் பற்றி என்று தெரியும். வருகிறேன். பெட்டியை விட்டுவிட்டு நேரே சனிக்கிழமைக்குப் போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. எது முன்னே, எது பின்னே என்று வரிசை சரியாக இருக்க வேண்டும். அதுதான் என் தொழில்.

நான் படத்தொகுப்பாளன். அந்தப் பதினோரு படங்களையும் வெட்டி ஒட்டியவன். சினிமாவில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள், என்னைக் கத்திரி என்பார்கள். அது அவர் வைத்த பெயர்.

ஐந்தாவது படத்தில் ஒரு காட்சி வரும். தையல்காரர் ஒருவர் இறந்துபோன தம்பியின் உடலை அடையாளம் காட்டிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறார். மறுநாள் கொடுக்க வேண்டிய சட்டை பாதியில் கிடக்கிறது. உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோர்க்கப் பார்க்கிறார். முடியவில்லை. எச்சில் தொட்டுத் திரித்து மறுபடி முயல்கிறார். நாற்பத்தொரு விநாடி ஒரே ஷாட். இசை கிடையாது. நூல் உள்ளே போகிற நொடியில் அந்த முகம் உடைந்துபோகும். தியேட்டரில் முரட்டு ஆட்கள்கூட மூக்கைச் சிந்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு எவனாக இருந்தாலும் பன்னிரண்டாவது விநாடியில் வெட்டியிருப்பான். வெட்டாமல் விட்டதற்காக எனக்கு விருது கொடுத்தார்கள். இருபத்தாறு வருடமாகத் திரைப்படக் கல்லூரியில் அதை வைத்துத்தான் வகுப்பெடுத்தேன். வெட்டுவதை எவனும் சொல்லித் தருவான், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி, "இவருதான் அந்த ஊசி நூல் சீனோட எடிட்டர்" என்று சொல்லித்தான் தன் ஆட்களுக்கு என்னைக் காட்டினார். மற்ற பத்துப் படங்களில் நான் என்ன கிழித்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் கணக்கில் இருந்தது அந்த நாற்பத்தொரு விநாடி மட்டும்தான்.

பெரியவர் ஒருமுறை என் வகுப்புக்கு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்.

பெட்டி வெளிவரும் செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது, எனக்கு ஒன்று வீடு தேடி வரும் என்றுதான் நினைத்தேன். கேமராமேனுக்குப் போயிற்று. தையல்காரராக நடித்தவருக்குப் போயிற்று. என் வீட்டு அழைப்புமணியை அடித்தவர் தண்ணீர்க்குழாய் ரிப்பேர்காரர் மட்டும்தான். என் மனைவியிடம் வாங்கலாமா என்று கேட்டேன்.

"நீங்க வெட்டுன படத்த நீங்களே கடையில போய் வாங்கணுமா? இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்றது? பேசாம இருங்க," என்றாள்.

பேசாமல்தான் இருந்தேன். ஆனால் மறுநாள் கால்கள் தாமாகவே கடைக்குப் போய்விட்டன. கண்ணாடி அலமாரியில் பெட்டி இருந்தது. விற்பனைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்னட்டையைப் படித்தேன். கேமரா இருந்தது. இசை இருந்தது. நடனம் அமைத்தவர் பெயர்கூட இருந்தது, ஒரே ஒரு படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு. படத்தொகுப்பு என்ற சொல்லே இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமும் போனேன். அன்றும் வாங்கவில்லை. பெயர் விட்டுப்போனது அச்சகத்தின் தவறாக இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் நியாயமானவன்.

மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். "சார், நீங்க பொண்ணு பாக்க வர்ற மாதிரி வந்து வந்து போறீங்க. வீட்ல பிளேயராவது இருக்கா? இப்ப யாரு சார் டிஸ்க்ல படம் பாக்குறாங்க?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப எடுத்துக்குங்க சார். இதுல படம் ஓட ஓட டைரக்டரே கூடப் பேசிட்டு வருவாரு. எந்த சீன எப்படி எடுத்தாருன்னு கதை கதையா சொல்றாரு. போட்டுக் காட்டவா?"

கடை டிவியில் போட்டாள். ஊசி நூல் காட்சியைப் போடச் சொன்னேன். தையல்காரர் நூலைத் திரிக்கிறார். அதன் மேலே பெரியவரின் குரல் வந்தது.

"இந்த ஷாட்ட எடிட்டரு பன்னெண்டாவது செகண்ட்லயே வெட்டிட்டாரு. நான்தான், 'கத்திரிய கீழ வைய்யா, அந்த ஆளு நூலைக் கோக்கட்டும்'னு சொன்னேன். ரெண்டு நாள் சண்ட போட்டாரு. நல்ல மனுஷன். பொறுமைதான் கொஞ்சம் கம்மி." பிறகு சிரித்தார்.

துரோகம் என்ற சொல்லை நான் லேசில் வாயில் எடுப்பதில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு வேறு சொல் தெரிந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று வருடப் பழக்கம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவும் பகலும் காவல் இருந்தவன் நான். கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விற்பனைப் பெண், "சார், தண்ணி வேணுமா?" என்றாள். பெட்டியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

வீட்டில் நான்கு நாள் அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் கேட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இந்தப் பெட்டியை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று யோசித்தேன். கல்லூரி நூலகம் வாங்கும். என் மாணவர்கள் வாங்குவார்கள். சம்பந்தி நிச்சயம் வாங்குவார்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் பேரனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் நாள் அது. கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள் என்பது எனக்குத் தெரியும்.

"வாங்க மாமா," என்றாள். "நல்ல நேரத்துல வந்தீங்க. அப்பாவத் தனியா விட்டுட்டுப் போகணுமேன்னு கவலையா இருந்துச்சு. நெஞ்சு வலிச்சா அடிக்கிற ஸ்பிரே நாற்காலி கைமேலயே இருக்கு. ரெண்டு தடவ நாக்குக்கு அடியில அடிச்சா சரியாயிடும். அவரக் கோவப்படுத்தாம மட்டும் பாத்துக்குங்க, டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு."

"நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா," என்றேன்.

பெரியவர் பெட்டியைப் பார்த்ததும் குழந்தை மாதிரி மகிழ்ந்தார். "அடப்பாவி, நீ போய் வாங்குனியா? உனக்கு அனுப்பலயா அவனுங்க?" என்று கேட்டு, உள்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனாவின் மூடியைத் தேடுவதற்காக அவர் அந்தப் பக்கம் குனிந்தபோதுதான் ஸ்பிரேயை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது அவருக்கு எந்த வலியும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வலி வந்த பிறகு பதற்றத்தில் செய்தேன் என்று என் வக்கீல் சொல்லப் பார்க்கிறார். நான் பதறவில்லை.

பிறகு அந்தக் காட்சியைப் போட்டு, அவர் பேச்சையும் போட்டேன். பின்னட்டையில் என் பெயர் இல்லாததையும் காட்டி, வெட்டாமல் பொறுத்தது யார் என்று கேட்டேன்.

"ஏன்டா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வந்தே? ஏதோ பேச்சு வாக்குல வந்துடுச்சு. பேரு விட்டுப்போனதுக்கு நாளைக்கே கம்பெனிக்காரன உண்டு இல்லன்னு பண்றேன். போதுமா?"

பேச்சை அழிக்கச் சொன்னேன்.

"அச்சடிச்சு வித்தாச்சு, எப்படிடா அழிக்கிறது?"

அப்படியானால் பேப்பர்காரர்களைக் கூப்பிட்டு, வயதாகிவிட்டது, ஞாபகப் பிசகு, பொறுத்தது கத்திரிதான் என்று சொல்லுங்கள் என்றேன். ஒரே வரிதான். அவர் முகம் சிவந்தது.

"பொய் சொல்லச் சொல்றியா? நீ வெட்டுனத நான்தானடா திரும்ப ஒட்டச் சொன்னேன். உன் நோட்ட எடுத்துப் பாரு. நீ கைப்பட எழுதியிருப்பியே."

நான் குரலை உயர்த்தினேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததால்தான் உயர்த்தினேன். அவரும் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கை நாற்காலிக் கைமேல் துழாவியது. பிறகு இடுக்கில், பிறகு மடியில். "எங்கடா," என்றார், "இங்கதான இருந்துச்சு, தேடுடா." நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று.

சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி ஸ்பிரேயை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார்கள். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நோட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் எடிட்டிங் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். என் யோசனை நீல மையில், பெரியவர் சொல்லிச் செய்தது சிவப்பு மையில். யார் சொன்னது என்று பின்னால் தகராறு வரக்கூடாது என்று நானே வைத்துக்கொண்ட வழக்கம். ஐந்தாவது படத்தின் நோட்டில் எண்பத்தேழாம் பக்கம் இல்லையே என்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் நான்தான் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆமாம், சிவப்பு மைதான். "பன்னிரண்டில் வெட்டியது தவறு. பெரியவர் சொன்னபடி முழுதும் விட்டாயிற்று." என் கையெழுத்து. விருது வாங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட நான் அதை மறந்ததில்லை. பக்கத்தை எரித்த பிறகு அது உண்மை என்று அடித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் மிச்சம். மூன்றே முக்காலுக்கு நான் கிளம்பிப் போனதும் அதற்காகத்தான்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னை நம்பிக்கைத் துரோகி என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அய்யா. எனக்கு விருது கொடுத்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்து கைதட்டினார். இத்தனை வருடம் சொல்லாமல் காப்பாற்றியவர், இன்னும் கொஞ்ச காலம் சொல்லாமல் இருந்திருக்கலாம். துரோகம் செய்தது அவர்தான்.