கப்டனுக்குக் கொடுத்த சில்லு

ஐம்பது வயதில் பந்தயச் சைக்கிள் வாங்கி, முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கி, அதை ஸ்டோவ்னர் போகும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய மடையன் நான். எதிரே, விரலெல்லாம் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பெடியனும் அவனுடைய தாயும் இருந்தார்கள்.

"பெல்ஜியத்திலை, மழைக்குள்ளை, கல்லு ரோட்டிலை நாள் முழுக்கச் சைக்கிள் பந்தயம் ஓடிப்போட்டு, உன்ரை சைக்கிளின்ரை முன் சில்லைக் கழட்டி ஆருக்கோ குடுத்தனீயோ?"

"எங்கடை குழுக் கப்டனுக்கு, அம்மா. அவற்ரை சில்லு காத்துப் போயிட்டுது. குடுக்கிறதுதான் என்ரை வேலை."

"நல்ல வேலை. அவர் வெண்டவரோ?"

"அடுத்த வளைவிலை விழுந்திட்டார்."

"உன்ரை சில்லோடையோ?"

"ஓம்."

"நீ?"

"வேறை சில்லு வருமட்டும் ரோட்டோரம் நிண்டனான். பிறகு ஓடிக் கடைசியா வந்தனான்."

"வடிவு. வாற வருசமும் உன்னைக் குழுவிலை வைச்சிருப்பினமோ?"

"கப்டன் ஒரு வார்த்தை சொன்னால் வைச்சிருப்பினம்."

"எப்பவாம் சொல்லுவார்?"

"விழுந்ததிலை தாடை உடைஞ்சு போச்சு, அம்மா. இப்ப கதைக்கேலாது."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன்.

"பாவம், அந்தப் பிள்ளை சில்லில்லாமல் நிண்டது," என்றாள். "உங்களுக்கு ரெண்டு சில்லும் இருந்ததெல்லோ? பிறகேன் ரயிலிலை வந்தனியள்?"