எறியிற ஆள் எந்தப் பக்கம்

— வாயைத் திற மதீசன். சூட்டோட தின்னோணும்.

— வேண்டாம் அம்மா.

— வேண்டாமோ? அமெரிக்காவில உனக்கு ஆர் பயத்தம் உருண்டை உருட்டித் தந்தது? விடிய வந்து இறங்கினனீ, இன்னும் பச்சைத் தண்ணி பல்லில படேல்லை. பிளேனில ஏதாவது தந்தவங்களோ?

— தந்தவங்கள். சாப்பிட்டனானோ எண்டு ஞாபகமில்லை.

— இதென்ன கதை? சாப்பிட்டதும் ஒருத்தனுக்கு மறந்து போகுமே? சரி, அப்ப உருட்டவாவது உதவி செய். நாளைக்குக் கோயிலில தேர். ஜெர்மனி முழுக்க இருந்து சனம் இஞ்ச ஹம் நகரத்துக்கு வரும். முதல் பெட்டி கடைக்காரக் கதிர்காமநாதன் அண்ணைக்கு. கையில குடுத்துச் சொல்லப்போறன்.

— என்னத்தை?

— என்ர பிள்ளையைக் கிளப்பில டெசிக்னேற்றட் ஆக்கியிருக்கிறாங்கள் எண்டு! அந்த மனுசன் இன்னும் பேஸ்போலைக் கிரிக்கெட் எண்டு சொல்லிக்கொண்டு திரியுது. வடிவா விளங்கப்படுத்துவன். ஓடிப் பந்து பிடிக்கத் தேவையில்லை அண்ணை, அடிக்கிறதுக்கெண்டே நியமிச்ச ஆள் எண்டு.

— அது டெசிக்னேற்றட் ஹிற்றர். எனக்கு வந்தது வேற அம்மா.

— வேறயோ?

— பேரை வெட்டுறதுக்கு அவங்கள் வைச்சிருக்கிற மரியாதையான சொல்லு. இவன் எங்களுக்கு வேண்டாம், வேற கிளப் ஆருக்கும் வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு அர்த்தம்.

— ஆரும் எடுத்தவங்களோ?

— ஒருத்தரும் கேக்கேல்லை.

— அந்த அடுப்பை ஒருக்கா நூத்துவிடு.

— நூத்திட்டன்.

— அப்ப போன வருசம் வந்த ஒப்ஷன்? அதுக்கு லட்டு குடுத்தனான். அதுக்கு முதல் வருசமும் ஒப்ஷன் எண்டாய். அதுக்குக் கோயிலில பொங்கல் வைச்சனான். இஞ்ச ஃபுட்போல்காரருக்கு ஒப்ஷன் எண்டால் இன்னும் ஒரு வருசம் வைச்சிருக்கப்போறம் எண்டெல்லோ அர்த்தம்?

— அங்க ஒப்ஷன் எண்டால் கீழ இறக்கிறது. பெரிய லீக்கில இருந்து சின்ன லீக்குக்கு.

— அட கடவுளே! உன்னைக் கீழ இறக்க இறக்க நான் இனிப்புக் குடுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

— ஓம்.

— ஓம் எண்டிறான்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது எண்டு சொல்லுவினம். நான் லட்டுப் போட்டு மூடியிருக்கிறன். ஏன்டா அப்பவே சொல்லேல்லை?

— ஃபோனில நீங்கள் சந்தோசமாக் கதைச்சனீங்கள். குறுக்க ஏதாவது சொல்லலாமெண்டு பாத்தன். ஒண்டும் வரேல்லை.

— அழுதனியோ?

— இல்லை. அழுகையும் வரேல்லை, கோவமும் வரேல்லை. மனேச்சர் கூப்பிட்டுச் சொன்னவர். நான் தாங்க்யூ எண்டு சொல்லிப்போட்டு வந்து சொக்ஸ் மடிச்சனான். பல்லுப் பிடுங்க முதல் விறைக்கிறதுக்கு ஊசி போடுவினமெல்லோ, அது மாதிரிக் கிடக்கு. வாயில மட்டுமில்லை, எல்லா இடமும்.

— எவ்வளவு காலமா?

— போன வருசம் தொட்டு.

— என்ர குஞ்சு... சரி, அந்த மேல்தட்டில இருக்கிற பெட்டியளை எடுத்துத் தா. எனக்குக் கை தூக்க ஏலாது.

— ஏன், தோளுக்கு என்ன?

— முதியோர் இல்லத்தில கிழவியளைத் தூக்கித் தூக்கி வந்த நோ. டொக்டரிட்டைக் காட்ட நாள் எடுத்திருக்கிறன்.

— நீங்கள் அங்க சமையலறையிலதானே வேலை?

— சட்டியளும் கிழவியள் மாதிரித்தான், பாரம். நீ கேள்வி கேளாமல் எடு.

— இந்தாங்கோ. உருளைக்கிழங்குக் கூடைக்குள்ள ஏன் பேஸ்போல் பந்து கிடக்கு?

— உன்ர பழைய பந்துதான். எறிய மனம் வரேல்லை. அதை விடு. பெரிய லீக்குக்குக் கூப்பிட்ட முதல் கிழமை நீ அடி அடியெண்டு அடிச்சனியெல்லோ? டிவியில உன்ர பேரை வாய்க்குள்ள நுழையாமல் வாசிச்சாங்கள். பிறகு என்ன நடந்தது? நாவூறோ?

— நாவூறில்லை, வீடியோ. நேர வாற பந்து எவ்வளவு வேகமெண்டாலும் நான் அடிப்பன். அதை வீடியோவில கண்டுட்டாங்கள். பிறகு ஒருத்தனும் எனக்கு நேர எறியேல்லை. நேர வாற மாதிரித்தான் வரும். நான் மட்டையை வீசின பிறகு வெளியால வளைஞ்சு விழுந்திடும். கீழ அனுப்புவாங்கள். கீழ போய் அடிப்பன். மேல கூப்பிடுவாங்கள். திரும்ப அதே பந்து, திரும்பக் கீழ.

— வளையும் எண்டு தெரியும்தானே? அப்ப ஏன் வீசிறாய்?

— கண்ணுக்குத் தெரியும். கை நம்பாது.

— கைக்கென்ன விசரே?

— கைக்கு உங்களைத்தான் தெரியும் அம்மா.

— இதென்ன புதுக்கதை?

— சின்னனில நான் ஆரிட்டைப் பழகினனான்? அப்பா எந்த நேரமும் ஷிஃப்டில. நீங்கள்தான் கீழ கராஜுக்குப் பின்னால நிண்டு எறிஞ்சனீங்கள்.

— எறிஞ்சனான்தான். வேற ஆர் எறியிறது? யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்து எல்லே விளையாட்டு டீமில எறியிற ஆள் இந்த யோகம், நான்தான். எல்லேயும் இதுவும் ஒரே விளையாட்டுத்தானே. மட்டை, பந்து, அடிச்சுப்போட்டு ஓடுறது.

— ஒண்டில்லை. எல்லேயில எறியிற ஆள் எந்தப் பக்கம்?

— அடிக்கிற ஆளின்ர பக்கம். எங்கட ஆள் அடிக்க எங்கட ஆள்தான் எறியிறது. அதிலென்ன?

— பேஸ்போலில எறியிறவன் மற்றப் பக்கம்.

— அது எனக்குத் தெரியாதே?

— உங்களுக்குத் தெரியும். உங்கட கைக்குத் தெரியாது. நான் எங்க அடிப்பன் எண்டு பாத்துப் பாத்து அங்கதான் எறிஞ்சனீங்கள். வாற பந்தெல்லாம் நான் அடிக்கத்தான் வருது எண்டு என்ர கை நம்பி வளந்திட்டுது. பிறகு எத்தினையோ கோச்மார் வந்து சொல்லிப் பாத்திட்டினம். அது மாறேல்லை.

— அப்ப பிழை என்னிலயோ?

— பிழை எண்டு சொல்லேல்லை. நீங்கள் அப்பிடி எறியாட்டி நான் மட்டையையே தொட்டிருக்கமாட்டன். உள்ளதைச் சொன்னன்.

— நெஞ்சில குத்திப்போட்டு உள்ளதைச் சொன்னன் எண்டிறாய். நோகுதடா எனக்கு.

— எனக்கு நோகேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.

— இனி என்ன செய்யப்போறாய்?

— என்ர ஏஜென்ற் பென்ஜமின் ஃபோன் எடுத்தவன். வேற கிளப் ஒண்டு சின்ன லீக்கில இடம் தருகுதாம். அங்கயிருந்து திரும்ப மேல ஏறிப் பாக்கலாமாம். இண்டைக்குப் பின்னேரம் திரும்ப எடுப்பான். ஓமோ இல்லையோ சொல்லோணும்.

— இல்லையெண்டால்?

— அதோட சரி. இந்த வயசில இன்னொருத்தன் கூப்பிடமாட்டான். கதிர்காமநாதன் அண்ணையின்ர கடைக்கு வான் ஓட ஆள் தேடுகினம் எண்டு தக்சாயினி அக்கா சொன்னவ.

— அக்காவும் தன்ர வாயை வைச்சிட்டாளோ! சரி, உனக்கு எது விருப்பம்?

— ஒண்டுமில்லை. ரெண்டும் எனக்கு ஒண்டுதான். நீங்கள் சொல்லுங்கோ, அதைச் செய்யிறன்.

— நான் சொல்லமாட்டன்.

— ஏன்?

— ஏனோ? இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீ? திரும்பவும் உனக்கு ஏத்த பந்தா எறியச் சொல்லுறாய். நல்ல ஆள்! மட்டை கொண்டுவந்தனியோ?

— பைக்குள்ள கிடக்கு.

— எடு. அந்தக் கூடைக்குள்ள கிடக்கிற பந்தையும் எடு. கீழ போவம்.

— அம்மா, தோள் நோகுது எண்டனீங்கள்...

— என்ர தோள், என்ர நோ. வா எண்டால் வா. செருப்பைப் போடு, படி ஈரம்.

— கராஜ் சுவருக்கு என்ன நடந்தது? பெயின்ற் எல்லாம் உதிர்ந்து, அம்மை போட்ட முகம் மாதிரிக் கிடக்கு.

— ஆரோ பந்தடிக்கினம் போல. கீழ்வீட்டு ஃப்ரௌ வேபர் சனிக்கிழமை தவறாமல் யன்னலைத் திறந்து கத்திறவ.

— பெடியளையோ?

— உனக்கேன் ஊர்த்துழவாரம்? சுவருக்கு முன்னால நில். கிட்ட இல்லை, எப்பன் தள்ளி. ஓம், அங்கதான்.

— கெதியா எறியுங்கோ. பென்ஜமின் எடுக்கப்போறான்.

— எடுத்தால் எடுக்கட்டும். மதி, கேட்டுக்கொள். இண்டைக்கு நான் மற்றப் பக்கம்.

— ம்.

— மரத்தில கட்டின மாடு மாதிரி நிக்காதை. மட்டையை உயத்திப் பிடி. இந்தா!

— அம்மா?

— என்ன அம்மா? காத்தைத்தான் வெட்டினாய்.

— அது வளைஞ்சுது.

— வளையத்தான் எறிஞ்சது.

— காத்துக்கு வளைஞ்ச மாதிரி இல்லை. கடைசியில விழுந்தது. இன்னொருக்கா எறியுங்கோ.

— உன்ர விருப்பத்துக்கு நான் எறியேலாது. நான் மற்றப் பக்கமெல்லோ. பொறு, மூச்சு வாங்குது... இந்தா!

— ஆ!

— ஐயோ, என்னடா? விரலில பட்டிட்டுதோ?

— மட்டை நுனியில பட்டு அதிருது. நோகுது.

— காட்டு பாப்பம்.

— நல்லா நோகுது அம்மா.

— அப்ப ஏன்டா சிரிக்கிறாய்? கண்ணுக்கால தண்ணியும் ஓடுது. விசரன்.

— கையை விடுங்கோ. இது எல்லே எறி இல்லை. இதை எங்க பழகினனீங்கள்?

— போத்தில் மூடியைத் திறக்கிற மாதிரிக் கையைத் திருகோணும். எல்லாம் ஃபோனில கிடக்கு, பாத்தால் வரும். வேகம்தான் வராது. அதுக்கு நான் இனி ஒருக்காப் பிறக்கோணும்.

— அப்ப இந்தச் சுவர்... ஃப்ரௌ வேபர் கத்திறது உங்களையோ?

— எனக்குச் சனிக்கிழமையிலதானே லீவு. வேற எப்ப எறியிறது? உன்ர ஃபோன் அடிக்குது, எடு.

— பொறுக்கட்டும். ஓமெண்டுதான் சொல்லப்போறன். முதல் நீங்கள் சொல்லுங்கோ. எப்ப துவங்கினனீங்கள்?

— உனக்கு முதல் ஒப்ஷன் வந்த அண்டைக்கு, அது கீழ இறக்கிறதெண்டு ஃபோனில பாத்த உடன. கோயிலில பொங்கலை இறக்கி வைச்சிட்டு நேர இஞ்சதான் வந்தனான்.