நாற்பத்தொரு நாற்காலிகள்

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதுதான் இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி. விரிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, வருவார்கள் என்ற நினைப்பிலேயே கை ஓடிவிடும். மடக்கும்போதுதான் இடுப்பு பேச ஆரம்பிக்கும். அதிலும் ஒருவரும் உட்காராத நாற்காலி இருக்கிறதே, அது உட்கார்ந்த நாற்காலியைவிடக் கனம். நம்பாவிட்டால் ஒரு நாள் தூக்கிப் பாருங்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், அவசரமில்லை என்று பேப்பரும் பேனாவும் டீயும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நன்றி அம்மா. பெண் அதிகாரி ஒருவர் விசாரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கட்டடத்தில் மொத்தம் எத்தனை பெண்கள் என்று வந்ததும் எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. பழக்க தோஷம், இதெல்லாம் என் கண்ணில்தான் முதலில் படும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் இணைப்புக் கொடுத்தவள் நான். யாரோ யாருடனோ பேசுவார்கள், நடுவில் நான் இருப்பேன். ஓய்வு பெற்ற வருஷம் நகராட்சித் தேர்தலில் நின்றேன். அறுபத்திரண்டு ஓட்டு. என் தெருவிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள், போகட்டும். நாம்தான் உள்ளே போக முடியவில்லை, போனவர்களுக்காவது துணையாக இருப்போம் என்று தோன்றியது.

சுற்றுவட்டாரத்தில் பதினான்கு ஊர்களின் சபைகளில் நாற்பத்தொரு பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு சபைக்கு இரண்டு பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். இருபது ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மைக் கைக்கு வரும் நேரத்தில் கூட்டம் முடிந்தது என்று கேட்டுப் பழகியவர்கள். ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. நான்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அவர்களில் ஒருவரான தையல்காரம்மா தன் கடைக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார். இருபத்திரண்டு படி. நாற்பத்தொரு இரும்பு நாற்காலி வாங்கினேன். எனக்கென்று வாங்கவில்லை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன், அது போதும் என்றிருந்தது.

சங்கம் நல்ல விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வருவதற்குத்தான் ஆள் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆண்கள் கூடுவதற்குக் காரணமே வேண்டாம், டீக்கடை போதும். ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். பேசப் போகிறேன் என்பதை எந்த வீட்டிலும் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் கூட்டத்துக்கு முப்பது பேர், அடுத்ததற்குப் பதினெட்டு, ஆறாவது மாதம் ஆறு பேர். அந்த ஆறில் ஒருவர் கீழே தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்.

இரண்டாவது வருஷம் டீச்சருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உறுப்பினரானவர், எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். குப்பைக் கிடங்கு விஷயத்தில் வாயைத் திறந்தால் வீடு பற்றி எரியும் என்று எழுதியிருந்தது. அது நிஜமான கடிதம், எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நான் காலை ஏழு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். பத்து மணிக்கு நாற்பது பேரும் டீச்சர் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று சொன்னதும் ஒரு வீட்டிலும் மறுப்பு இல்லை. தையல்காரம்மாவின் மாமியாரே, "போய்ட்டு வாம்மா, பாவம் அந்தப் பொண்ணு" என்று அனுப்பினாராம். நாற்பத்தொரு பேரும் ஒன்றாக நடந்து சபைக்குப் போனார்கள். டீச்சர் எழுந்து பேசி முடிக்கும்வரை ஒருவரும் மைக்கைத் தொடவில்லை. நான் வெளியே வராந்தாவில் நின்று கேட்டேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை.

அன்றே ஒரு விதி வைத்தோம். யாருக்கு எந்த ஆபத்து என்றாலும் முதலில் எனக்குத்தான் போன். பக்கத்தில் இருப்பவர்களை நான் அனுப்புவேன். ஆளாளுக்குக் கூப்பிட்டால் குழப்பம் என்று நான் சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அதற்கடுத்து இருபது பேர். நான்கு மாதம் கழித்து ஏழு பேர். டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் பயம் போய்விட்டது. முப்பத்துநான்கு வெற்று நாற்காலிகளை நான் ஒருத்தியாக மடக்கி அடுக்கினேன்.

முதல் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எழுதினேன். சங்கத்தில் ஒருவரான நர்ஸுக்கு. அவர்தான் மூன்று கூட்டமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். எழுதுவது கஷ்டமாக இல்லை. யாருக்கு எதில் பயம் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருந்தார்கள், மனசு விட்டுப் பேசத்தானே சங்கம். அறையில் இருந்த பிரிண்டரிலேயே அடித்தேன். அந்தப் பிரிண்டருக்கு ஒரு வியாதி உண்டு, தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு போடும். கூட்ட அழைப்பிதழும் அதில்தான், கடிதமும் அதில்தான். ஐந்து வருஷமாக எத்தனையோ வீடுகளில் இரண்டும் இருந்தன. மிரட்டலையும் அழைப்பிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்.

மொத்தம் இருபத்துமூன்று கடிதங்கள். யார் ஒதுங்குகிறாரோ அவருக்கு. கடிதம் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் வரும், நான் மற்றவர்களை அனுப்புவேன், அவர்கள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். இதில் விளைந்த நல்லதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று பேர் நகராட்சித் தலைவர் ஆனார்கள். ஒன்பது சபைகளில் பெண்கள் முதல் வரிசைக்கு வந்தார்கள். வேறு விதமாகவும் சில நடந்தன. டீச்சரின் மகள் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை, அவள் போகும் வேனின் நிறத்தை நான் எழுதியிருந்தேன். நர்ஸ் இரண்டாவது கடிதத்தோடு பதவியை ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். அவருக்கு இரண்டாவது முறை எழுதியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த இடத்துக்கும் ஒரு பெண்தான் ஜெயித்து வந்தார், எண்ணிக்கை குறையவில்லை.

இனி மருந்துக்கடைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது அவளைப் பற்றித்தான் என்று தெரியும். கை வலிக்கிறது, அதனால்தான் சுற்றி வருகிறேன்.

அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாற்பது வயசு, பேச்சு வெடுக்கென்று இருக்கும், சிரித்தால் கடை முழுக்கக் கேட்கும். ஓடையை மூடிக் கட்டடம் கட்ட அனுமதி கேட்டார்கள், சபையில் அவள் ஒருத்திதான் முடியாது என்றாள். பிறகு மற்றவர்களையும் சொல்ல வைத்தாள். ஆறு மாதமாகச் சங்கத்துக்கு வரவில்லை. கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாள், நானும் நம்பினேன். ஒரு நாள் தையல்காரம்மா பேச்சுவாக்கில் சொன்னார், புதன்கிழமைதோறும் மருந்துக்கடையின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்களாம். அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பேசுவார்களாம். சில நாள் பதினைந்து பேர்கூட வருவார்களாம். அவர்களாகவே ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்கிறார்கள். உங்களை எதுக்கு அலைக்கழிக்கணும், உங்களுக்கும் முட்டி வலி என்றுதான் சொல்லவில்லை என்றார். காதும் காதும் வைத்த மாதிரி நடத்தவில்லை, என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் சிதறுகிறது என்று எனக்குப் பட்டது. அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். இருபத்துமூன்றாவது. மற்றதைவிடக் கொஞ்சம் கவனமாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை போன் செய்தாள். லெட்டர் வந்திருக்கிறது, இந்தத் தடவை வேற மாதிரி இருக்கிறது என்றாள். வேற மாதிரி என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாம் ஒரே மாதிரிதான், ஃபைலில் போட்டு வை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நானே எழுதியதை நான் எதற்குக் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. தண்ணிக் குழாய்க்குக் கையெழுத்து வேணுமாம்."

"போட்டுக் குடுத்து அனுப்பு."

"இல்லக்கா, அந்த லெட்டர்ல..."

"லெட்டர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் ஆகாது. பட்டப்பகல்ல ஒரு கவுன்சிலர் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? போய்த் தொற."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

எனக்கு நிச்சயமாகத் தெரியும்தான். ஐந்து வருஷமாக அந்த வட்டாரத்தில் யாருக்கு ஆபத்து வந்தாலும் அது என் கையிலிருந்து போனதுதான். அந்த வாரம் நான் ஆள் எவரையும் அனுப்பவில்லை, நான் எந்த வாரமும் ஆள் அனுப்பியதில்லை. அதனால் வாசலில் நிற்பவர்கள் குழாய்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் போனை வைக்காமல் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதையும் கேட்டேன். இரண்டு பக்கமும் பேசி முடிக்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் சங்க அறையில் இருந்தேன், தையல்காரம்மா எனக்கு நேர் கீழே மெஷினில் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரியின் வீடு அங்கிருந்து இரண்டே தெரு. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகுதான் நான் படியிறங்கிப் போய்ச் சொன்னேன்.

அந்த வாரம் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்றைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும். இன்னொன்றில், வியாழக்கிழமை தண்ணிக் குழாய் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள், அதற்குள் ஓடை விஷயத்தில் ஒத்துக்கொள் என்று இருந்ததாம். பிறகு நீங்கள் காட்டித்தான் பார்த்தேன். அதில் கோடு இல்லை.

அந்த இரண்டு பேரையும் நீங்கள் பிடித்துவிட்டீர்கள், அவர்களை அனுப்பியவரையும் பிடித்துவிட்டீர்கள். அதோடு முடிந்திருக்கும். நான் வழக்கம்போல இரங்கல் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தேன், அவள் வீட்டுக்கும் ஒன்று அனுப்பினேன், அதுதான் முறை. அவளுடைய மகள் அம்மாவின் காகிதங்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாளாம். பதினைந்து வயசுப் பெண். அழைப்பிதழை நான் எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. நாளைக்குப் பொது வாழ்க்கைக்கு வந்தால் நன்றாக வருவாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இருபத்துமூன்று கடிதங்களும் என்னுடையவை. இருபத்துநான்காவது என்னுடையது அல்ல. கதவைத் திறக்கச் சொன்னது நான்தான். அவள் என்னைத் தாண்டி வேறு யாரையும் கூப்பிடாமல் இருந்ததும் நான் வைத்த விதியால்தான். கத்தியை எடுத்தவர்கள் வேறு, அதை நீங்களே எழுதிக்கொள்வீர்கள். நான் எழுதியதால் மட்டும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதையும் எங்காவது ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். விஷயம் இன்னதென்று தெரிந்தால் எல்லோரும் வருவார்கள், இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா, எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். தையல்காரம்மாவிடம் சாவி இருக்கிறது. நாற்பத்தொன்றையும் விரித்துப் போடச் சொல்லுங்கள். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தால் எல்லோருக்கும் சங்கடமாக இருக்கும். என்னை ஒரு மணி நேரம் அங்கே அழைத்துப்போக முடியுமானால், அதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.