செட்ரிக் வோம்ஸ்லியின் பிணங்கள்

உங்கள் சட்டையின் மேல் பொத்தான் காலையில் மாட்டியிருந்தது, இப்போது கழன்றிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். முப்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஒரு ஷாட்டில் நாயகன் கையில் பாதிச் சிகரெட் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் பாதிதான் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக் குறித்து வைப்பவள் நான்.

இயக்குநர் செட்ரிக் வோம்ஸ்லிக்கு இதெல்லாம் வேப்பங்காய். கதையை எழுதி வைக்க மாட்டார். பஸ் கண்டக்டரையும் பாதிரியாரையும் பிடித்து வந்து நடிக்க வைப்பார். எதையும் ஒரே தடவைதான் எடுப்பார். முதல் மூன்று படங்களும் லீட்ஸ் தியேட்டர்களில் ஈ ஓட்டின. நாலாவதைப் பாரிஸில் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்; உடனே லண்டனுக்கும் அவர் மேதையாகிவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

ஒரே ஒரு உறுத்தல்தான். எல்லாப் படத்திலும் பிணமாக அவரே படுப்பார். படுத்தவர் மூச்சு விடுவார். அந்தத் தொப்பை ஏறி இறங்குவது கடைசி வரிசைக்கும் தெரியும்.

"செட்ரிக், பொணம் மூச்சு விடுது" என்பேன்.

"விட்டா விடட்டுமே மாவிஸ். செத்தவனுக்கு மட்டும் காத்து வேணாமா?"

விமர்சகர்கள் அதைத் தத்துவம் என்றார்கள். ஜனங்களோ எனக்குக் கடிதம் போட்டுக் கிண்டல் செய்தார்கள். திரையில் தொடர்ச்சிக்குப் பொறுப்பு என்று என் பெயர்தானே வருகிறது. பத்துப் படத்துக்குப் பிறகு என் சொந்தத் தங்கையே கேட்டாள்: "ஏன்டி, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" அன்று அழுதேன்.

பதினொன்றாவதுதான் கடைசிப் படம் என்று அறிவித்தார். எனக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. பிராட்ஃபோர்டில், மூடிக் கிடந்த கம்பளி மில் ஒன்றில் படப்பிடிப்பு. செவ்வாய்க்கிழமை காலை தரையில் படுத்தார். வழக்கம்போல வயிறு ஆடியது.

"இந்த ஒரு தடவை மூச்ச அடக்குங்க, எனக்காக" என்று கெஞ்சினேன்.

"செத்தப்புறம் அடக்கிக்கிறேன், போ."

அதை அவர் கொடுத்த சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் அவருடைய இதய மாத்திரைகளை எல்லாம் பொடித்து அவர் தேநீரில் கலந்தேன். நாலு கரண்டி சர்க்கரையும் போட்டேன். கசப்பு அவருக்கு ஆகாது.

குடித்துவிட்டு, அதே காட்சியின் அடுத்த ஷாட்டுக்காக அதே இடத்தில் படுத்தார். கேமரா ஓடியது. கொஞ்ச நேரத்தில் வயிறு நின்றது. 'கட்' சொல்ல வேண்டியவர் அவர் என்பதால் யாரும் நிறுத்தவில்லை.

"இன்னிக்கு என்னமா நடிக்கிறாரு மனுஷன்" என்று கேமராக்காரர் என் காதில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் காலை ஷாட்டில் வயிறு ஆடுகிறது, மதிய ஷாட்டில் ஆடவில்லை. இரண்டும் ஒட்டாது. என்மீது குற்றம் என்றால் அது ஒன்றுதான், இன்ஸ்பெக்டர். காலையிலேயே செய்திருக்க வேண்டும்.